சோப் தொடரிலேயே இருப்பதா, விலகுவதா?

இங்கிலாந்தில் சின்ன வயதிலேயே சோப் தொடரில் (ஆண்டுக்கணக்கில் ஓடும் டிவி சீரியல்) இடம் பிடித்த நடிகருக்கு, ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் இதே குழப்பம்தான். இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். ஜாக் பி. ஷெப்பர்ட் 2000இல் சிறுவனாக ‘கொரொனேஷன் ஸ்ட்ரீட்’டில் டேவிட் பிளாட்டாக வந்தார், 20 ஆண்டுகளைத் தாண்டியும் அங்கேதான். பென் ஹார்டி 2013இல் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ஸில் பீட்டர் பீலாக வந்து, 2015இல் கிளம்பிவிட்டார்.

வருமானம்
இருந்தால்: ஒப்பந்தம் உள்ளவரை நிச்சயம்.
விலகினால்: ஆடிஷன், காத்திருப்பு, மறுபடி ஆடிஷன்.

நடிப்பு
இருந்தால்: ஒரே பாத்திரம்தான், ஆனால் ஆழம் உண்டு. 2018இல் டேவிட் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் கதை வந்தது. பொடியனாக இருந்ததிலிருந்து பார்த்துவந்த முகம் என்பதால்தான் அது அவ்வளவு வலித்தது. எந்தச் சினிமாவும் ஒரு நடிகருக்கு இதைக் கொடுக்க முடியாது.
விலகினால்: வகை வகையான வேடம். ஹார்டி 2016இல் எக்ஸ்-மென் படத்தில் சிறகு முளைத்தவர். 2018இல் ‘பொஹீமியன் ராப்சடி’ படத்தில் ‘குயீன்’ இசைக்குழுவின் டிரம்மர் ரோஜர் டெய்லர்.

திரும்பி வர
இருந்தால்: அந்தக் கேள்வியே இல்லை.
விலகினால்: உத்தரவாதம் கிடையாது. பீட்டர் பீலாக அப்புறம் வேறு நடிகர்கள் வந்துவிட்டார்கள்.

குடும்பம், வீட்டுக்கடன் என்று பொறுப்பு இருப்பவர் தாராளமாக இருக்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை. பல வேடம் போட ஆசையா? முகம் பாத்திரத்தோடு ஒட்டிப்போகும் முன், இரண்டு மூன்று வருடத்திலேயே கிளம்புவது நல்லது. கையில் கொஞ்சம் சேமிப்பும் வேண்டும்: 2004இல் ‘கொரொனேஷன் ஸ்ட்ரீட்’டை விட்ட நடிகை சுரான் ஜோன்ஸுக்கு பாஃப்டா (பிரிட்டனின் பெரிய சினிமா, டிவி விருது) கிடைத்தது 2016இல்தான்.