மின்சாரக் காரா, பெட்ரோல் காரா: எது மிச்சம்?

சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6.70 ரூபாய். மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் 7 கி.மீ. போகும். வீட்டில் சார்ஜ் போட்டால் யூனிட் 10 ரூபாய் என்றே வைப்போம், கிலோமீட்டருக்கு 1.45 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டு மாத மின்கட்டணம் மேல் அடுக்குக்கு ஏறும் என்பதால்தான் தாராளமாகவே 10 ரூபாய் போட்டேன்.

சரி, விலை? மின்சாரக் காருக்கு நான்கு லட்சம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால் நாலரை வருடத்துக்குள் அதை எடுத்துவிடலாம். 500 கி.மீ. மட்டும் என்றால் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும்; பல கார்களுக்கு பேட்டரி உத்தரவாதமே 8 வருடம்தான். அப்படிப்பட்டவர்கள் பெட்ரோல் காரே வாங்குங்கள். அடுக்குமாடியில் சார்ஜ் போட வழியில்லாதவர்களும் யோசிக்க வேண்டும்: வெளியே வேக சார்ஜிங்குக்கு யூனிட் 20 ரூபாய்க்கு மேல் கேட்டால் சேமிப்பு வெகுவாகச் சுருங்கிவிடும்.