போல்ட் தலையில் பூசிய நீலம்

செங்கோட்டை, தென்காசிப் பக்கத்தில் யாராவது மலை தாண்டிப் போய் வண்டிக்கு சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து இழுவையைக் கூட்டும் கருவி) மாட்ட நினைத்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது.

என்னிடம் இருப்பது பழைய ஜிப்ஸி. 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். புளியரை எஸ் வளைவில் நாலு பேரோடு ஏறினால் இரண்டாம் கியரில் முனகும். கொல்லம் பக்கம் ஒரு பட்டறையில் சின்ன சூப்பர்சார்ஜர் மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் போட்டு ஓட்டும் வகை. எங்கள் ஊர் செங்கோட்டை, 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர். மலையாளம் எங்களுக்குப் புதிதில்லை, அதனால் பேச்சில் ஏமாற மாட்டோம் என்று ஒரு மிதப்பு எனக்கு உண்டு. பேச்சில் ஏமாறவில்லை, உண்மைதான்.

காலையில் விட்ட வண்டியை அன்று சாயங்காலமே தந்துவிட்டார்கள். பில்லில் ஒரு வரி: த்ரெட் லாக்கர், 50 மில்லி, 2 பாட்டில், 1,900 ரூபாய். போல்ட் அதிர்வில் கழலாமல் இருக்க மரையில் விடும் பசை அது. பட்டறைக்காரர் போனெட்டைத் திறந்து காட்டினார். பிராக்கெட் போல்ட் ஒவ்வொன்றின் தலையைச் சுற்றியும் நீல நிறத்தில் பளபளவென்று பூச்சு. "எல்லாத்திலும் லாக்டைட் இட்டிட்டுண்டு சேட்டா, ஒந்நும் பேடிக்கண்டா." லாக்டைட் என்பது அந்தப் பசையின் ஒரு பிராண்ட்; எல்லாவற்றிலும் போட்டாயிற்று, பயப்பட வேண்டாம் என்கிறார். எனக்கு அவ்வளவு திருப்தி. போட்டோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இப்போது அந்தப் போட்டோவைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பதினொன்றாம் நாள், புனலூரிலிருந்து திரும்பி வரும்போது தென்மலை தாண்டியதும் கீச்சென்று ஒரு சத்தம். பெல்ட் புதுசு, அப்படித்தான் கத்தும் என்று விட்டுவிட்டேன். பதிமூன்று கண் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் நின்றது, 'டப்' என்று ஒன்று கேட்டது, பேட்டரி விளக்கு எரிந்தது. ஓரங்கட்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் மேலே போய்விட்டது. பிராக்கெட் லூஸாகி, புல்லி கோணி, சூப்பர்சார்ஜர் பெல்ட் நார்நாராகக் கிழிந்து பக்கத்து பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுவது அந்தப் பக்கத்து பெல்ட்தான். உடனே எஞ்சினை அணைத்ததால் சிலிண்டர் ஹெட் சூட்டில் கெடாமல் தப்பியது. எட்டு போல்ட்டில் ஒன்று எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை. மூன்றைக் கையால் சுற்ற முடிந்தது.

கட்டி இழுத்துக்கொண்டு வந்து தென்காசியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் விட்டேன். அண்ணாச்சி மீதி போல்ட்டுகளைக் கழற்றி, மரையை வெளிச்சத்தில் காட்டினார். "தம்பி, இதுல என்ன இருக்கு சொல்லு." எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. இரண்டில் வெள்ளையாகப் பொருக்கு ஒட்டியிருந்தது. கடையில் விற்கும் உடனடிப் பசை. அது 80 டிகிரி சூட்டுக்கு மேல் பிடிப்பை விட்டுவிடும், எஞ்சின் பக்கத்தில் அது எந்த மூலைக்கு? ஸ்பிரிங் வாஷர் மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். பக்கவாட்டு அதிர்வில் போல்ட் தானாகவே சுற்றிக் கழலும், அதை ஸ்பிரிங் வாஷர் தடுக்காது என்று யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-லேயே சோதித்துக் காட்டிவிட்டார். நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் வாஷர் போட்டால் வேலை முடிந்தது.

அப்படியென்றால் தலையில் பூசிய நீலம்? அங்கேதான் வித்தையே இருக்கிறது. த்ரெட் லாக்கர் காற்று படாத இடத்தில், உலோகத்தை ஒட்டி இருந்தால்தான் இறுகும். மரைக்குள்ளே போனால்தான் அதற்கு வேலை. வெளியே பூசினால் எத்தனை நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். போல்ட்டை வெறுமனே முறுக்கிவிட்டு, கடைசியில் நான் பார்ப்பதற்காக மை வைத்த மாதிரி தொட்டு வைத்திருக்கிறார்கள். உண்மையாகவே போட்டிருந்தால் கழற்றும்போது மரையில் காய்ந்த தூளாக நிறம் உதிரும் என்றார் அண்ணாச்சி. எட்டு போல்ட்டுக்கு 10 மில்லி பாட்டிலே தாராளம். நூறு மில்லி யார் வண்டிக்குப் போனதோ!

இதைவிடக் கொடுமை, அவர்களிடம் நல்ல சரக்கும் இருந்திருக்கிறது. காற்று உள்ளே போகும் அலுமினியக் குழாயைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ இரண்டில் சிவப்பு லாக்கரை ஊற்றியிருந்தார்கள். சிவப்பு என்றால் நிரந்தரப் பிடிப்பு. சுமார் 250 டிகிரி வரை சூடு காட்டினால்தான் இளகும். அந்த இடத்துக்கு லேசாகப் பிடிக்கும் ஊதா போதும், நடுத்தரமான நீலமே அதிகம். அண்ணாச்சி ஹீட் கன் பிடித்துப் பார்த்தார். ஒன்று வந்தது, மற்றது அலுமினிய மரையையும் உரித்துக்கொண்டு வந்தது. ஹெலிகாயில் (உரிந்த மரைக்குப் பதிலாக உள்ளே போடும் கம்பிச் சுருள்) போட்டுத்தான் சரிசெய்தோம். மரை கழன்றவன் என்று ஆளைத் திட்டுவோமே, அன்று அது எனக்குத்தான் பொருந்தியது.

பட்டறைக்குப் போன் செய்தேன். மலைப்பாதையில் ஓட்டினால் லூஸாகத்தான் செய்யும் என்றார். போல்ட்டை வேறு கடையில் கழற்றிவிட்டதால் இனி வாரண்டி கிடையாது என்றும் சொன்னார். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, புகார் கொடுப்பதாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகும்படி சொன்னார். மனுஷன் கெட்டிக்காரர். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அனுமதி வாங்காமல் மாட்டியவன் நான். பெயரைப் போடாததற்கு இதுதான் காரணம். கோழை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி வேலைக்கு, சூப்பர்சார்ஜர் என்றில்லை, கிளட்ச் வேலைக்கு வண்டியை விட்டாலும், லாக்கர் போடும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். டீ குடித்துவிட்டு வாங்க என்று அனுப்பினால் போகாதீர்கள். பாட்டிலை வாங்கி நிறத்தைப் பாருங்கள். மரையை கிளீனர் அடித்து எண்ணெய் போகத் துடைக்கிறார்களா என்று கவனியுங்கள். அடி மூடிய ஓட்டை என்றால் சொட்டு ஓட்டைக்குள்ளும் விழ வேண்டும். போல்ட்டில் மட்டும் தடவினால் உள்ளே இருக்கும் காற்று அதை மேலே தள்ளிவிடும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) இல்லாத பட்டறை என்றால் யோசியுங்கள். லாக்கரின் ஈரத்தில் மரை வழுக்கும், கைக்கணக்கில் முறுக்கினால் அளவு மீறிவிடும். முழுசாக இறுக 24 மணி நேரம் ஆகும், அதனால் அன்றைக்கே சாவி கொடுக்கும் அவசரம் எனக்கு இருந்த மாதிரி உங்களுக்கும் இருக்க வேண்டாம்.

சூப்பர்சார்ஜரைக் கழற்றியாயிற்று. அரிசிச் சாக்கில் சுற்றிப் பரணில் கிடக்கிறது. மிஞ்சிய ஏழு போல்ட்டும் ஒரு பாலித்தீன் கவரில் அதோடுதான் இருக்கின்றன. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். தலையில் இருந்த நீலம் விரலில் ஒட்டியது, இன்னும் காயவில்லை.