பத்து மடங்கு கைலென்ஸ்: 380 ரூபாய்க்கு மோசமில்லை

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் வாங்கினேன். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அந்துருண்டை வாடை வீசும் பழைய பட்டாம்பூச்சிப் பெட்டிகளைச் சரிபார்க்கத்தான். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, பூச்சியை ஓர் அங்குலத்துக்குள் கொண்டுவர வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பழகிவிட்டால் இறக்கைச் செதில்கள் ஓடு வேய்ந்த கூரைபோலத் தெரிகின்றன.

'வெந்தய வரியன்' என்று சீட்டு ஒட்டிய நான்கு பட்டாம்பூச்சிகளில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வெந்தய வரியனுக்குப் பின்னிறக்கையின் நடுவே கரும்புள்ளிகள் உண்டு. ஆணுக்கு நான்கு, பெண்ணுக்கு மூன்று. இதற்கோ மேல்விளிம்பருகே ஒன்றே ஒன்று. செதில் உதிர்ந்து மற்றவை அழிந்திருக்குமோ என்று லென்ஸில் தேடினேன். செதில்கள் அப்படியே இருந்தன. வேடக்காரி! வெந்தய வரியனைப் போலவே உடுத்தித் திரியும் டேனெய்ட் எக்ஃப்ளை என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண். எத்தனை மாணவர்கள் இவளைத் தப்பாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கினார்களோ!

குறை என்றால், திருகாணி இரண்டே வாரத்தில் ஆட்டம் கண்டது. உடன் வந்த ரெக்சின் உறையும் கிழிந்துவிட்டது. லென்ஸ் இப்போது அம்மாவின் பழைய சுருக்குப்பையில் இருக்கிறது.