பழைய ஹைலக்ஸ், 3எல் எஞ்சின், ஐந்து கியர்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

பழைய சோனகத் தெருவில் கடைக்கு முன்னால் என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை நிறுத்திச் சாமான் ஏற்றும்போது யாராவது வாகனம் தெரிந்த ஒருவர் நின்று கேட்பார், "இது எண்பத்திரண்டு மொடல் சத்தம் இல்லையே?" இல்லைதான். இலக்கத் தகடு பழைய ஸ்ரீ வரிசை, பொடி பழையது, ஆனால் பொனட்டுக்குள் இருப்பது டொல்பின் வேனில் (டொயோட்டா ஹைஏஸ்) வந்த 3எல் டீசல் எஞ்சின். 3எல் என்பது எஞ்சின் வகையின் பெயர், மூன்று லீற்றர் என்று அர்த்தமில்லை. அதற்குப் பின்னால் பிந்திய ஹைலக்ஸ் ஒன்றின் ஐந்து கியர் பொக்ஸ். இதே வேலையைச் செய்யலாமா, எவ்வளவு முடியும், பிறகு தொல்லை தருமா என்று அடுத்த கேள்விகள் வரும். வீதியில் நின்று சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஏன் மாற்றினேன் என்பது. வண்டி 1982 ஹைலக்ஸ், இரண்டு சில்லு இழுவை. பிறப்பில் வந்தது 2188 சிசி எல் வகை டீசல், நான்கு கியர். அந்த எஞ்சின் தன் காலத்தை நேர்மையாக ஓடி முடித்துவிட்டது. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம்) போய், காலையில் வெள்ளைப் புகை, ஏற்றத்தில் கறுப்புப் புகை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு நல்ல பிக்கப் எதன் விலையும் கிட்டப் போக முடியாமல் இருந்தது. தடை 2025 பெப்ரவரி வரை நீளும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? என் வண்டியின் சேஸிஸில் கறள் இல்லை, பின் தட்டு நேராக இருந்தது. மாற்றுகிற எண்ணம் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். வண்டியைத் தூக்கி, பின் வில்லுத் தகடு சேஸிஸோடு சேரும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தால், அல்லது செதில் விழுந்தால், எஞ்சின் காசைச் செலவழிக்காதீர்கள்.

எந்த எஞ்சின் என்பதில் கராஜில் நிறைய வாதம் நடந்தது. டொயோட்டாவின் எல் குடும்பத்தில் எல், 2எல் (2446 சிசி), 3எல் (2779 சிசி), 5எல் (2986 சிசி) எல்லாம் ஒரே வார்ப்பின் பிள்ளைகள். மவுண்டிங் பூட்டுகிற இடங்களும், பின்னால் கியர் பொக்ஸ் பெல் ஹவுசிங் உட்காருகிற ஓட்டைகளும் பொருந்தும். அதனால் பழைய மவுண்டிங் பிராக்கெட்டைக் கழற்றிப் புதியதில் பூட்டினால் சேஸிஸில் வெல்டிங் வைக்கத் தேவையில்லை. எனக்கு 5எல் ஆசைதான். நல்ல நிலையில் கண்ணுக்கு முன்னால் கிடைத்தது 3எல். நண்பர் ஒருவர் 1கேஇசட்-டிஈ போடு, டேர்போ, பறக்கும் என்றார். இன்னொருவர் 1கேடி, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீச்சும் கொமன் ரெயில் என்றார். என்னுடைய பாஸ் (மெக்கானிக்) ஹட்டன் பக்கத்து ஆள், கிராண்ட்பாஸில் கராஜ். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, கம்ப்யூட்டர் எஞ்சின் போட்டுட்டு ரோட்டுல நின்னா என்னைய கூப்பிட்டுப் புண்ணியமில்ல. 3எல்னா ஒரு கம்பிக்குக் கரண்ட் குடுத்தா ஓடும்."

அவர் சொன்னது அப்படியே உண்மை. 3எல்லின் டீசல் பம்ப் முழுக்கப் பொறிமுறை வேலை. பம்பில் டீசலைத் திறந்து மூடும் சொலனோய்டுக்கு (மின் வால்வுக்கு) 12 வோல்ட் போனால் எஞ்சின் ஓடும், எடுத்தால் நிற்கும். மற்றக் கம்பிகள் ஸ்டார்ட்டர், ஒல்ட்டனேட்டர், குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஹீட்டர் பிளக், ஒயில் பிரஷர், வெப்பமானி, அவ்வளவுதான். கொமன் ரெயில் போட்டால் வயரிங் ஹார்னஸ், ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்), மிதியின் சென்சர், சுத்தமான டீசல் என்று ஒவ்வொன்றும் தேவை. நாற்பது வருட வண்டிக்குள் அத்தனை கம்பியையும் நுழைத்துவிட்டுப் பலாங்கொடைப் பக்கம் மழையில் நின்றால் என்ன செய்வது? பறக்கிற ஆசை உள்ளவர்கள் வேறு வண்டி வாங்கலாம்.

எஞ்சினைப் பஞ்சிகாவத்தையில் எடுத்தேன். டயர் ஒன்றின் மேல் உட்கார்த்தி, பழைய போத்தலில் டீசல் தொங்கவிட்டு, பெட்டரி கொடுத்து அங்கேயே ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள். ஸ்டார்ட் ஆவதைப் பார்த்து மயங்கக் கூடாது. ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் கவிழ்த்து வைத்தோம். மூடி துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று அர்த்தம், இது இருந்த இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு நிறுத்தி, தெர்மோஸ்டாட் வாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்த்தார் பாஸ். பச்சை படிந்திருந்தது, கறள் இல்லை. கறள் தண்ணீரில் ஓடிய எஞ்சினுக்கு ஹெட்டில் (சிலிண்டருக்கு மேலுள்ள மூடிப் பகுதியில்) வெடிப்பு இருக்க நல்ல வாய்ப்பு. இந்தக் குடும்பத்து எஞ்சின்களுக்குச் சூடேறினால் முதலில் அடிபடுவது ஹெட்தான். அப்படியிருந்தும் ஹெட்டைக் கழற்றி பிரஷர் டெஸ்ட் செய்வித்துத்தான் பூட்டினோம். டைமிங் பெல்ட், டென்ஷனர், கிராங்க் முன் பின் சீல், தண்ணீர் பம்ப் எல்லாம் வெளியே இருக்கும்போதே மாற்றப்பட்டன. பெல்ட் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. விற்கிறவர் "இப்பதான் மாத்தினது" என்பார், காதில் வாங்க வேண்டாம். 22.2க்கு 1 கம்ப்ரெஷன் உள்ள டீசலில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும், பிறகு ஒன்றும் மிஞ்சாது.

வேனிலிருந்து எடுத்த எஞ்சினை அப்படியே பிக்கப்பில் இறக்க முடியாது. சம்ப் (அடியில் உள்ள ஒயில் தொட்டி), உள்ளே ஒயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர், எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட் மூன்றையும் ஹைலக்ஸுக்கு உரியதாகத் தேடி எடுத்தோம். வேனின் கியர் பொக்ஸும் உதவாது. அதில் கியர் மாற்றும் இணைப்பு வேறு விதம், லீவர் நேரே மேலே வராது. அதனால்தான் கியர் பொக்ஸ் தனியாக, பிந்திய ஹைலக்ஸிலிருந்து. இந்தத் தேடலுக்குப் போன நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உண்மையான வேலை கியர் பொக்ஸுக்குப் பின்னால்தான் தொடங்கியது. ஐந்து கியர் பொக்ஸ் பழையதை விட நீளம். லீவர் வரும் இடம் பின்னுக்குத் தள்ளிப்போனது, தரைத் தகட்டை வெட்டி மூடி செய்ய வேண்டியிருந்தது. குறுக்குச் சட்டமும் பின்னுக்கு நகர்ந்தது. கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பலர் ஷாஃப்டின் முன் துண்டைக் குறுக்க வேண்டும். லேத் ஒன்றில் கொடுத்தோம், அழகாக வெட்டி ஒட்டித் தந்தார்கள். வண்டி 60 வரை பட்டுப் போல ஓடியது. 70இல் ஆசனத்துக்கு அடியிலிருந்து ஒரு அதிர்வு கிளம்பும். கண்ணாடி இரண்டும் நடுங்கும், 85இல் தணிந்துவிடும். டயர் பாலன்ஸ் செய்தோம், சென்டர் பெயாரிங் ரப்பர் மாற்றினோம், போகவில்லை. கடைசியில் பாஸ் வண்டிக்கு அடியில் படுத்து, ஷாஃப்டின் இரண்டு நுனியிலும் உள்ள கவைகளுக்கு நேரே இரும்பு அடிமட்டம் வைத்துப் பார்த்தார். ஒரு கவை மற்றதைவிட விரல் அகலத்துக்குத் திரும்பியிருந்தது.

யூ ஜொயின்ட் கோணத்தில் சுழலும்போது ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். அடுத்த ஜொயின்ட் அதைச் சமன் செய்வது இரண்டு கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான். இல்லாவிட்டால் அது முழுதாகச் சமனாகாது, அதிர்வாக வரும். வேறு இடத்தில் கொடுத்து வெட்டி, நேர்படுத்தி, பாலன்ஸ் மெஷினில் ஏற்றிச் சிறு தகடு ஒட்டிய பிறகு அதிர்வு போயே போய்விட்டது. ஷாஃப்ட் குறுக்கக் கொடுப்பவர்கள் வெட்டுவதற்கு முன் குழாயின் முழு நீளத்துக்கும் சோக்கால் ஒரு நேர்கோடு இழுத்துவிட்டுக் கொடுங்கள். காசு செலவில்லாத வேலை.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள். வெப்பமானியின் சென்சர் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்டப்பட்டது. டாஷ்போர்டில் இருக்கும் முள் அந்தச் சென்சருக்குத்தான் பேசும், வேனின் சென்சரை விட்டால் சூடேறினாலும் முள் நடுவில் நின்று பொய் சொல்லும். ஹீட்டர் பிளக் வெவ்வேறு வோல்ட்டில் வருகிறது, பிளக்கும் ரிலேயும் ஒத்துப் போகாவிட்டால் நுனி எரிந்துவிடும். ரேடியேட்டருக்கு மூன்று வரிசைச் செப்புக் கோர். விசிறியைச் சுற்றியுள்ள கவசத்தைத் தேவையில்லை என்று கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். மதியம் ஒரு மணிக்குக் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியில் ஊர்ந்து பார்த்தால் அது எதற்கு என்று விளங்கும்.

ஸ்பீடோ மீட்டர் குறைத்துக் காட்டியது. கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் கைபேசியை வைத்து ஒப்பிட்டு, கியர் பொக்ஸில் கேபிளைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தை வேறு பல் எண்ணிக்கையில் மாற்றிச் சரி செய்தோம்.

கடதாசி வேலை தனி. எஞ்சின் இலக்கமும் சிசியும் மாறியதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் ஓடுகிற வண்டிகள் கொழும்பில் ஏராளம். விபத்து ஒன்று நடந்து காப்புறுதிக்காரர் பொனட்டைத் திறக்கிற நாளில்தான் அதன் விலை தெரியும். எஞ்சின் வாங்கும்போதே இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டும் இறக்குமதிக் கடதாசியின் பிரதியும் கேட்டு வாங்குங்கள். தராத கடையில் எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது அதற்குக் கேட்டது சேஸிஸ் இலக்கம், எஞ்சின் இலக்கம் இல்லை என்பதில் கராஜில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

இனி ஓட்டம். பழைய எஞ்சினோடு ஒரு லோட் பிவிசி குழாயும் பிட்டிங்ஸும் ஏற்றிக்கொண்டு கித்துல்கல தாண்டினால் கினிகத்தேனை ஏற்றம் முழுக்க இரண்டாவது கியர். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே வருவான். இப்போது அதே லோட்டுக்கு மூன்றாவதில் ஏறுகிறது, வளைவுகளில் மட்டும் இரண்டு. குதிரைவலு 91தான், பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 2400 சுற்றில் 188 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது, ஏற்றத்தில் கால் உணர்வது அதைத்தான். ஐந்தாவது கியர் 0.85 பக்கத்து விகிதம். நான்காவதில் 3000 சுற்று போகும் வேகத்தில் ஐந்தாவதில் 2550. அனுராதபுரம் தாண்டி வவுனியாவுக்குப் போகும் நேர் வீதியில் இந்த வித்தியாசம் காதுக்குப் பெரியது. முன்பு கத்திப் பேசினோம், இப்போது பக்கத்தில் இருப்பவர் நித்திரை கொள்கிறார். கொழும்புக்குள் ஐந்தாவது கியரைத் தொடுவதே அபூர்வம். பின் அச்சின் டிஃப் (டிஃபரென்ஷியல்) பழையதுதான், மாற்றவில்லை.

எரிபொருள் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ஆனது. அந்த நேரத்தில் சிசி கூடிய எஞ்சின் போட்டவன் என்று வீட்டில் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். நகரத்துக்குள் லீற்றருக்கு 9, 10 கிலோமீட்டர், பழைய எஞ்சின் நல்ல நாளில் தந்ததும் அதுதான். தூரப் பயணத்தில் 12க்குக் கிட்ட வருகிறது. டீசல் மிச்சப்படும் என்று நினைத்து இந்த வேலையில் இறங்க வேண்டாம். எஞ்சின் விலைக்குக் கிட்டத்தட்ட அதே தொகை மற்ற வேலைகளுக்கும் போகும், டீசலில் அது திரும்பி வராது.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. வேகம் கூடினால் நிறுத்தவும் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ் எல்லாம் அப்போதே புதிதாகப் போட்டேன். டீசல் எஞ்சின் தானாக வெக்கியூம் தராது, ஒல்ட்டனேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறு பம்ப்தான் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குத் தருகிறது. அதற்கு ஒயில் போகும் ஹோஸ் சென்ற வருடம் கசிந்தது. பிரேக் மிதி காலையில் கட்டையாக இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

புகைப் பரிசோதனை இதுவரை சிக்கல் தரவில்லை. நொசில்களையும் பம்பையும் டீசல் கடையில் பெஞ்சில் ஏற்றிச் சரி செய்வித்தது அதற்குக் காரணம். பவர் வேண்டும் என்று பம்பின் திருகைக் கூட்டிக் கேட்கிற வாடிக்கையாளர்கள் உண்டாம். கூடுவது பெரும்பாலும் புகைதான்.

குறை என்று சொன்னால், குளிர் காலையில் இரண்டாவது கியர் கரகரக்கிறது. நுவரெலியாவில் இரவு நிறுத்தி எடுத்தால் இன்னும் மோசம். கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது, கியர் பொக்ஸ் வாங்கும்போதே அதைத் திறந்து பார்க்கச் சொல்லிப் பாஸிடம் கேட்டேன், "ஓடட்டும்ணே, பொறகு பாப்போம்" என்றார். வால்வு இடைவெளியும் ஒரு தடவை பார்க்க வேண்டும். பழைய எல்லில் ரொக்கர் ஆர்ம், ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் போதும். 3எல்லில் கேம் நேரே பக்கெட்டை அழுத்துகிறது, அளந்து ஷிம் தகடு மாற்ற வேண்டும். மைக்ரோமீட்டர் வைத்திருக்கிற, பொறுமையும் உள்ள கராஜ்காரர் தேவை. மழை தொடங்குமுன் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். பாஸ் தீபாவளிக்கு ஊருக்குப் போய் வரட்டும்.