ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா தூள்: வேர்ப்புழுவுக்கு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கரும்பு, நிலக்கடலை, பாக்கு, ஏலம் என எதில் வேர்ப்புழு (மண்ணுக்குள் வேரைத் தின்னும் வண்டின் இளம்புழு) விழுந்தாலும் உயிரியல் இடுபொருள் கடைகளில் இப்போது எடுத்துத் தருவது நூற்புழு கலந்த நனையும் தூளைத்தான். உள்ளே இருப்பது ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா, வேர்ப்புழுவுக்குள் நுழைந்து அதைக் கொல்லும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் இதற்கான தூள் தயாரிப்பு முறையை உருவாக்கிப் பல நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்திருக்கிறது. பையின் நிறமும் பெயரும் கடைக்குக் கடை மாறும். எந்தப் பெயரில் வாங்கினாலும் கீழே சொல்வது பொருந்தும்.

பொருள் நல்லது, தாராளமாக வாங்கலாம். ஆனால் பையில் அச்சிட்டிருக்கும் நான்கு வரியை மட்டும் நம்பி உரம்போலக் கரைத்து ஊற்றினால் பாதிக்கு மேல் வீணாகும். உள்ளே இருப்பது உயிர். அதன் உடலமைப்பும் பூர்வீகமும் தெரிந்தவர்களுக்கு எங்கே வைப்பது, எந்த நேரத்தில் ஊற்றுவது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். நூற்புழு என்றதும் வேர்முடிச்சு நினைவுக்கு வந்து பலர் தயங்குகிறார்கள். பயிரைத் தாக்கும் நூற்புழுக்களின் வாயில் ஊசிபோல ஒரு கூர்முள் இருக்கும். அதை வேரின் செல்லுக்குள் குத்தித்தான் சாற்றை உறிஞ்சுகின்றன. இண்டிகாவுக்கு அந்த முள் கிடையாது. வேரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மண்புழுவுக்குக் கெடுதல் வருமோ என்றும் பயப்பட வேண்டாம்.

தூளில் இருப்பவை மூன்றாம் பருவ இளம்புழுக்கள். நீளம் சுமார் அரை மில்லிமீட்டர், தடிமன் 20 மைக்ரான் அளவு. இந்தப் பேரினத்திலேயே சிறியவற்றில் ஒன்று. இரண்டாம் பருவத்தின் தோலைக் கழற்றிப் போடாமல் உறைபோல மேலே போர்த்திக்கொண்டிருக்கும். வாயும் ஆசனத்துளையும் மூடியிருக்கும். பூச்சிக்குள் நுழையும் வரை எதையும் உண்ணாது. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்தே காலம் தள்ளும். பையின் ஆயுள் என்று அச்சிட்டிருப்பது உண்மையில் இந்தக் கொழுப்பின் ஆயுள்தான். வெயிலில் கிடந்த பையில் புழு உயிரோடு இருக்கலாம். ஆனால் கொழுப்பு கரைந்துபோயிருந்தால் வேர்ப்புழுவைத் தேடிப்போகத் தெம்பு இருக்காது. நுண்ணோக்கியில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: நல்ல புழுவின் குடல் பகுதி கருமையாக அடைந்து நிற்கும், பட்டினி கிடந்தது கண்ணாடிபோல வெளிறியிருக்கும்.

தலை நுனியில் முதுகுப் பக்கமாக ஒரு சிறு பல் உண்டு. ஸ்டைனெர்நீமா என்ற இன்னொரு கொலைகார நூற்புழுவுக்கு அது இல்லை. அதுவும் கடைகளில் கிடைக்கிறது. வேர்ப்புழுவுக்கு நாம் இண்டிகாவைச் சொல்வதற்கு இந்தப் பல் ஒரு முக்கியக் காரணம். வேர்ப்புழுவின் மூச்சுத் துளைகளைச் சல்லடை போன்ற தட்டு மூடியிருக்கும், அந்த வழியாக நுழைவது கடினம். பல் இருந்தால் உடல் கண்டங்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய தோலைக் கிழித்துக்கொண்டு போகலாம். இரண்டாவது காரணம் நடமாட்டம். ஸ்டைனெர்நீமா கார்ப்போகாப்சே மண்ணின் மேற்பரப்பில் வாலை ஊன்றி எழுந்து, பக்கத்தில் வரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். இண்டிகா மண்ணுக்குள் ஊர்ந்து தேடிப்போகும். இடத்தை விட்டு அதிகம் நகராத வேர்ப்புழுவுக்குத் தேடிப்போகிறவன்தான் வேண்டும்.

உண்மையில் கொல்வது புழுவின் குடலில் குடியிருக்கும் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியா. உள்ளே நுழைந்ததும் புழு அதை வாய்வழியாகக் கக்கும்; பெரும்பாலும் 48 மணி நேரத்தில் பூச்சி செத்துவிடும். அதன்பின் நுழைந்த ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணும் ஓருடலான தாயாக வளரும். ஆண் பெண் என்று பிரிவது அடுத்த தலைமுறையில்தான்.

பூர்வீகத்துக்கு வருவோம். இந்த இனம் அறிவியலுக்கு அறிமுகமானது கோயம்புத்தூரிலிருந்து. 1992இல் பாய்னார், கருணாகர், டேவிட் மூவரும் இதை விவரித்தார்கள். பிறகு இலங்கை, இந்தோனேசியா, எகிப்து, கரீபியத் தீவுகள் என வெப்பநாடுகள் பலவற்றில் கிடைத்தது. 1994இல் ஹவாயென்சிஸ் என்று தனி இனமாகப் பெயரிடப்பட்ட ஹவாய் தீவுப் புழுவும் இதுவேதான் என்று பின்னர் முடிவானது. கடலோர மணல்மண்ணில் அடிக்கடி அகப்படும். ஐரோப்பாவின் குளிர்ந்த மண்ணில் மெகிடிஸ், மிதவெப்பப் பகுதிகளில் பாக்டீரியோபோரா என்று இதன் சகோதர இனங்கள் இருக்கின்றன.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. நூற்புழுவைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்ற அறிவுரை குளிர்நாட்டு இனங்களுக்காக எழுதப்பட்டது. இண்டிகா வெப்பமண்டலத்துப் பிறவி. 10 டிகிரிக்குக் கீழே போனால் வேகமாகச் சாகும். 15 முதல் 20 டிகிரி வரை சரியானது. அதற்கு வசதி இல்லையென்றால், நிழலில் ஈரமணல் நிரப்பிய தொட்டியில் பையை வைத்து ஓரிரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். தகரக் கூரைக் கடையில், பூச்சிமருந்து டப்பாக்களுக்கு நடுவே அடுக்கியிருந்தால் தேதி எவ்வளவு புதிதாக இருந்தாலும் வாங்க வேண்டாம். பையில் தயாரிப்புத் தேதியும் கிராமுக்கு எத்தனை புழு என்ற கணக்கும் இல்லையென்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

கணக்கைச் சோதிப்பது எளிது. 1 கிராம் தூளை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகக் கலக்கிய கையோடு 1 மில்லி எடுத்து நுண்ணோக்கியில் எண்ணுங்கள். ஐந்து முறை எண்ணிச் சராசரி எடுத்து, 1000ஆல் பெருக்கினால் கிராமுக்கான எண்ணிக்கை. அசையாமல் கிடப்பதை ஊசி நுனியால் தொட்டுப் பாருங்கள். நெளிந்தால் உயிர் இருக்கிறது. உயிரோடு இருப்பவற்றை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும்.

வீரியத்தைச் சோதிக்க மெழுகு அந்துப்பூச்சியின் புழு போதும். ஈரமான வடிதாள் போட்ட தட்டில் பத்துப் புழுக்களை விட்டு, சில நூறு நூற்புழுக்கள் உள்ள 1 மில்லி கரைசலைத் தெளியுங்கள். இரண்டு மூன்று நாளில் செத்தவை செங்கல் சிவப்பாக மாற வேண்டும், நாற்றம் இருக்கக்கூடாது. மங்கலான மஞ்சள் பழுப்பானால் பையில் இருப்பது ஸ்டைனெர்நீமாவாக இருக்கலாம். கறுத்து நாறினால் வேறு கிருமியால் அழுகியது. இருட்டறையில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு பார்த்தால் சிவந்த புழுக்கள் மெல்லிதாக ஒளிர்வதைக் காணலாம். அந்த ஒளி ஃபோட்டோராப்டஸ் உடையது. இதைவிட உறுதியான சான்று கேட்க முடியாது.

அளவு: சதுர சென்டிமீட்டருக்கு 25 புழு. சதுர மீட்டருக்கு இரண்டரை லட்சம், சென்ட்டுக்கு ஒரு கோடி, ஏக்கருக்கு 100 கோடி. பையில் உள்ள எண்ணிக்கையை வைத்து உங்களுக்கு எத்தனை கிலோ என்று வகுத்துக்கொள்ளுங்கள். ‘ஏக்கருக்கு இவ்வளவு’ என்று மட்டும் சொல்லும் பைகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியம். தோட்டம் முழுக்கத் தெளிக்கச் சரக்கு போதாவிட்டால் வேர்மண்டலத்தில் மட்டும் முழு அளவு ஊற்றுங்கள். எல்லா இடத்திலும் கால் அளவு ஊற்றுவதில் பயனில்லை.

ஊற்றுவதற்கு முன் மண் நனைந்திருக்க வேண்டும். மண்துகள்களைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில்தான் இந்தப் புழு நகரும். காய்ந்த மண்ணில் அசைய முடியாது, நீர் தேங்கினால் மூச்சு முட்டும். மாலை நேரம் கட்டாயம், ஏனென்றால் சூரியனின் புற ஊதாக் கதிர் சில நிமிடங்களிலேயே கெடுத்துவிடும். ஏக்கருக்கு 400 லிட்டருக்குக் குறையாத தண்ணீர், ஊற்றியபின் மறுபடி ஒரு இலேசான பாசனம். கலந்த கரைசலை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். அடியில் படிந்து கிடந்தால் காற்றில்லாமல் சாகும், ஆகவே கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தெளிப்பான் என்றால் நுண்ணிய வடிகட்டியைக் கழற்றுங்கள். 20 மைக்ரான் புழுவுக்கு முனைத்துளை ஒரு தடையில்லை. தூள்தான் வடிகட்டியை அடைக்கும். தொட்டித் தண்ணீர் கைக்குச் சூடாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

கார்போஃபியூரான் போன்ற நூற்புழுக்கொல்லித் தன்மையுள்ள மருந்தோடு சேர்க்கவே கூடாது. மக்காத பச்சை எருவும் கூடுதல் யூரியாவும் கெடுதல். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். இமிடாக்ளோபிரிட் ஒத்துப்போகும். கனத்த களிமண்ணில் நகர்வு குறைவதால் பலனும் குறையும், மணல்கலந்த வண்டலில்தான் இது முழுத்திறன் காட்டும். கோடை மழைக்குத் தாய் வண்டு கிளம்பிய சில வாரங்களில், இளம் வேர்ப்புழுக்கள் வேருக்கு அருகே மேலாக இருக்கும்போது ஊற்றுங்கள். முற்றிய புழு ஆழத்துக்கு இறங்கிவிட்டால் எந்தத் தூளும் எட்டாது.

ஒரு வாரம் கழித்து நான்கைந்து இடத்தில் ஒரு அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். சிவந்து செத்த வேர்ப்புழு கிடைத்தால் வெளியே எடுத்துப் போடாமல் அப்படியே மண்ணை மூடிவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொன்றிலிருந்தும் ஆயிரக்கணக்கில் புதிய இளம் நூற்புழுக்கள் கிளம்பும்.