ஸ்விஃப்டுக்கு பிரேக் மாற்றிய கதை: 46,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

கொல்லிமலையில் இறங்கும்போது 23ஆவது கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே என் பிரேக் பெடல் பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல் உள்ளே போனது. 2021 பிப்ரவரி. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு நான், தங்கை, அத்தை, மாமா என்று நாலு பேர் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் இருந்த அத்தைதான் முதலில் கேட்டார்: "ஏம்ப்பா, என்னமோ கருகுற வாசம் வருதே?" நான் லாரியில் இருந்து வருவதாகச் சொன்னேன். முன்னால் லாரியே இல்லை.

இரண்டாவது முறை அமுக்கியபோது கொஞ்சம் பிடித்தது, மூன்றாவது முறை இன்னும் கொஞ்சம். ஃபர்ஸ்ட் கியருக்குத் தட்டி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல ஏற்றி, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். முன் சக்கரத்திடம் கையைக் கொண்டுபோனால் அடுப்பருகே நிற்பதுபோல் அனல். நாற்பது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். 2014ஆம் ஆண்டு ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் பெட்ரோல். முன்னால் காற்றோட்ட டிஸ்க், பின்னால் டிரம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸும் உண்டு. அப்போது 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. தப்பு ஓட்டியவன்மேல். எழுபது வளைவு உள்ள இறக்கத்தை மூன்றாவது, நாலாவது கியரில், வளைவுக்கு வளைவு பிரேக்கில் கால் வைத்தே இறங்கிக்கொண்டிருந்தேன். ஏறும்போது எப்படி வேகமாக ஏறினேனோ அப்படியே இறங்கவும் ஆசை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்று வையுங்கள். நாலு பேரோடு வண்டி 1,250 கிலோ. அந்த உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 1.2 கோடி ஜூல். அதே வண்டியை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுக்க நிறுத்தினால் சுமார் 3 லட்சம் ஜூல். அதாவது எஞ்சின் பிரேக்கிங் (தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது), காற்று, டயர் உராய்வு எதுவும் உதவாவிட்டால், ஒரு கொல்லிமலை இறக்கம் என்பது 80இலிருந்து நாற்பது முறை நிற்பதற்குச் சமம். அத்தனையும் சூடாக மாறி, பெரும்பகுதி முன் டிஸ்க் இரண்டிலும் அவற்றைக் கவ்விப் பிடிக்கும் பேடிலும்தான் போய் இறங்க வேண்டும். பிரேக்கை மேம்படுத்துவது என்றால் பிடியைக் கூட்டுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் தேவை சூட்டைத் தாங்குவது என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் பாதிப் பணத்தைத் தப்பான இடத்தில்தான் போட்டேன், அது தனிக் கதை.

முதலில் சேலத்தில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தவர், "தம்பி, இத எப்ப மாத்துனீங்க?" என்றார். எனக்கு ஞாபகமே இல்லை. வீல் சிலிண்டரில் பழைய ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் பழைய தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். நான் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும். "அமுக்குங்க... புடிச்சுக்குங்க... இப்ப விடுங்க." வந்து விழுந்தது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. முன் சக்கரத்தில் குட்டிக் குட்டிக் குமிழிகளும் வந்தன. புது ஆயில் லேசான மஞ்சள், கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி. குழாயில் அந்த நிறம் தெளியும்வரை நாலு சக்கரத்துக்கும் இதையே செய்தோம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. பேடை டிஸ்க்கின்மேல் அமுக்கும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். அதனால் பெடல் உள்ளே போகும், பேடுக்கு அழுத்தம் போய்ச் சேராது. எனக்கு நடந்தது இதுதான். அரை லிட்டர் டாட் 4, கூலியோடு சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது. அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிறேன். இப்போது டாட் 5.1 ஊற்றியிருக்கிறேன். டாட் 5 என்பது வேறு சங்கதி, அது சிலிக்கோன், இதோடு கலக்கவே கூடாது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் வாங்கும்போது ஒருமுறைக்கு இருமுறை லேபிளைப் படியுங்கள். இன்னொன்று, பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். என் இடது ஃபெண்டரில் காசு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது, அது என் கை வேலை.

அதே நாளில் பின் டிரம்மையும் கழற்றிச் சுத்தம் செய்து, டிரம்முக்குள் உராயும் லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சரிசெய்தார். தானாகவே சரிசெய்துகொள்ள வேண்டிய பாகம் துருவும் தூசியும் ஏறி இறுகிப் போயிருந்தது. பெடல் கிட்டத்தட்ட இரண்டு விரல் அளவுக்கு மேலே வந்துவிட்டது. பிரேக் மெத்தென்று இருக்கிறது என்று முன் டிஸ்க்கையே முறைத்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் பின்பக்கத்தைக் கழற்றிப் பாருங்கள்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வீல் வழியாகத் தெரியும் துளை போட்ட டிஸ்க் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. துளையும் வரியும் சேர்ந்தது, ஒரு ஜோடி 9,000 ரூபாய். "சூடே ஏறாது சார்" என்றார் விற்றவர். நம்பினேன், உண்மையில் நம்ப விரும்பினேன். துளை போட்டால் இரும்பு குறையும், இரும்பு குறைந்தால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கொள்ளளவும் குறையும். பதினோரு மாதம் கழித்து டயர் மாற்ற வீலைக் கழற்றியபோது மூன்று துளைகளின் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தது. விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். அன்றே தூக்கிப் போட்டுவிட்டு, கம்பெனி வண்டியோடு தரும் அதே அளவு சாதா டிஸ்க்கைப் போட்டேன். இன்றுவரை அதுதான்.

பேட் விஷயத்துக்கு வருகிறேன். 2022 கடைசியில் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதன் பெயரால் அமைந்த தடம். அங்கே மாருதி ஓட்டுவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். நாலாவது சுற்று வரை சொர்க்கம். ஐந்தாவதில் நேர்ச்சாலை முடிவில் பிரேக் அடித்தால் பெடல் கல் மாதிரி உறுதியாக நிற்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை. கொல்லிமலையில் நடந்ததற்கு நேர் எதிர். அங்கே ஆயில் கொதித்தது, இங்கே பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டி உராய்வை இழந்துவிட்டது. பெடல் மெத்தென்று போனால் ஆயிலைப் பாருங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேடைப் பாருங்கள்.

பேடின் விளிம்பிலோ முதுகிலோ அச்சிட்டிருக்கும் குறியீட்டின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வுக் கெழு, இரண்டாவது நல்ல சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. சூடேறியும் உராய்வு குறையாது என்பதற்கு இரண்டாவது எழுத்துதான் அடையாளம். நான் ஜிஜி குறியிட்ட ஒரு செட்டை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். தரத்தின் முழுக் கதையையும் இந்த எழுத்துகள் சொல்லாது, தேய்மானமோ சத்தமோ அதில் வராது.

போட்டதும் பேடைப் படிய வைக்க வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு ஆள் இல்லாத சர்வீஸ் ரோட்டில் 60இலிருந்து 10 வரை பத்துமுறை, முழுசாக நிறுத்தாமல், ஒன்றன்பின் ஒன்றாக. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டேன். டிஸ்க்கின்மேல் பேடின் மெல்லிய படலம் ஒன்று சீராகப் படிய வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாடு.

ஒழுங்காகப் படிய வைத்துவிட்டு அடுத்த வாரமே நானே கெடுத்தேன். ஏற்காட்டின் இருபது வளைவுகளையும் உற்சாகமாக இறங்கி வந்து, அடிவாரச் சோதனைச் சாவடி வரிசையில் சரிவான இடத்தில் பிரேக்கை அமுக்கிப் பிடித்தபடி நின்றேன். கொதிக்கும் பேட் ஒரே இடத்தில் டிஸ்க்கை அணைத்துக்கொண்டு கிடந்தது. மறுநாளிலிருந்து 80இல் பிரேக் அடித்தால் ஸ்டியரிங் உதறியது. டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்றார் ஒருவர். வளையவில்லை. பேடின் பொருள் அந்த ஓர் இடத்தில் மட்டும் தடிப்பாக அப்பியிருந்தது. மறுபடி ஒருமுறை கடுமையாகப் படிய வைத்ததில் முக்கால்வாசி போய்விட்டது, மிச்சம் இரண்டு மாதத்தில் தானாகத் தேய்ந்து மறைந்தது. இப்போது மலை இறங்கி வந்து நிற்பதற்கு முன் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிடுவேன். வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் ஹேண்ட் பிரேக். அது பின் டிரம்மைத்தான் பிடிக்கும், டிஸ்க்கைத் தொடாது.

இந்தப் பேடின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் காலையில் முதல் இரண்டு மிதிக்குக் கிறீச்சிடும், தெருவே திரும்பிப் பார்க்கும். மழையில் முதல் மிதியில் பிடி சற்றுத் தாமதமாக வரும். முன் வீல் நாலு நாளில் கறுத்துவிடும். 26,000 கிலோமீட்டரில் மூன்று மில்லிமீட்டராகத் தேய்ந்து இரண்டாவது செட் போட்டாயிற்று. டவுனுக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் என்னை உண்மையிலேயே வெட்கப்பட வைத்தது டயர்தான். பேட் மாற்றியதும் பெருமையாக அளந்து பார்த்தேன். 80இலிருந்து முழு பிரேக், ஏபிஎஸ் துடிக்கத் துடிக்க, ஐந்துமுறை ஓட்டிச் சராசரி. பழைய பேடில் 33 மீட்டர், புதுப் பேடில் 33 மீட்டர். ஒரு முழம்கூடக் குறையவில்லை. யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. பழைய பேடே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது, அதனால்தானே ஏபிஎஸ் துடிக்கிறது. அதற்குமேல் தரையைப் பிடிக்க வேண்டியது ரப்பர். பின்னால் ஓடிய டயர் இரண்டும் துளை டிஸ்க் கதை நடந்த சமயத்தில் வாங்கியவை. முன்னால் ஓடியவற்றின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்க எண்ணைப் பார்த்தேன்: 2314. 2014ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ரப்பர்தான் மரக்கட்டை ஆகியிருந்தது. அதே 185/65 ஆர் 15 அளவில் கொஞ்சம் மென்மையான டயர் நாலையும் போட்டு அதே ரோட்டில் அளந்தேன். 29 மீட்டர். நாலு மீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு ஸ்விஃப்டின் நீளம்.

பெரிய காலிப்பர், பின்பக்கமும் டிஸ்க் என்று போகவில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யோசித்தேன், விட்டுவிட்டேன். வேகமாக நிறுத்தும்போது எடை முன்னால் சாய்ந்துவிடும், பின் சக்கரத்துக்கு அதிக வேலையே இல்லை. முன்னால் மட்டும் பெரிதாக்கினால் முன் பின் சமநிலை மாறும், ஏபிஎஸ் அந்தப் பழைய சமநிலைக்குத்தான் அமைத்தது. வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வேறு இருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

போன மாதம் மறுபடி கொல்லிமலை, அதே நாலு பேர். இறக்கம் முழுக்க இரண்டாவது கியர், வளைவுக்கு முன் ஒரே அழுத்தமான மிதி, பிறகு காலை எடுத்துவிடுவேன். பெடல் மேலேயிருந்து கீழேவரை ஒரே உயரத்தில் நின்றது. 23ஆவது வளைவுப் பலகை வந்தபோது அத்தை முன்சீட்டின் தலையணையைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிப் பார்த்ததைக் கண்ணாடியில் கவனித்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஓடியது 1,08,000. நேற்று வண்டியைத் தூக்கிப் பார்த்த அண்ணன் இடது பின் வீல் சிலிண்டரில் லேசாக ஈரம் கசிவதாகச் சொன்னார். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றச் சொல்லிவிட்டேன், கூடவே ஆயிலும். வியாழக்கிழமை தருகிறாராம்.