பத்மநாபபுரம் கொட்டாரம்: மண்டபம் இங்கே, கச்சேரி அங்கே

தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கிறது கொட்டாரம், அதாவது இங்கிருந்து ஆண்ட திருவிதாங்கூர் அரசர்களின் அரண்மனை. 1956 நவம்பர் 1-ல் இந்த ஊர் இருக்கும் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நிலம் நம் பக்கம் வந்தது. அரண்மனையும் அதன் நிர்வாகமும் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றுவிட்டன. அதனால் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இருந்தாலும் விடுமுறை, நேரம், கட்டணம் எல்லாம் கேரளக் கணக்குதான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: திங்கட்கிழமை விடுமுறை. காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள். மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை. மாலை 4.30 வாக்கில் நுழைவுச்சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். குமரி முனையில் சூரியோதயம் பார்த்துவிட்டு, சுசீந்திரத்தையும் முடித்துக்கொண்டு 12.15-க்கு வந்து சேருகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் நடந்து வெளியே வரலாம், பார்க்க முடியாது. குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், காலை 9 மணிக்கே வாசலில் நில்லுங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கேமராவுக்குத் தனிச் சீட்டு.

உள்ளே போனதும் அவசரம் வேண்டாம். வெயில் முற்றத்திலிருந்து பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்துக்குள் நுழைந்தால் முதல் இரண்டு நிமிடம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இறங்கிச் சரிந்த ஓட்டுக் கூரையும் மர அழிச் சன்னல்களும் வெளிச்சத்தை வடிகட்டித்தான் உள்ளே விடும். கண் பழகும்வரை நின்றுவிட்டு அண்ணாந்து பாருங்கள். மேல்தட்டில் 90 பூக்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அங்கேயே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே பார்த்து நிற்கும். சங்கிலிக் கண்ணிகளைக் கோத்திருக்கும் விதத்தில்தான் அதன் சூட்சுமம். ஊழியர்களிடம் கேளுங்கள், நீங்களாகத் தொடாதீர்கள்.

அடுத்தது தரை. கறுப்பாக, எண்ணெய் பூசியது போல் மினுங்குவது கல் அல்ல. சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறுகள் ஆகியவற்றைக் கலந்து பூசித் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த மெருகு. வெறுங்காலோடு நடக்கும்போதுதான் அதன் குளிர்ச்சி புரியும். காலில் மணல் ஒட்டியிருந்தால் அந்த மெருகில் கீறல் விழும். நுழையும் முன் பாதத்தைத் தட்டிவிட்டுப் போவது அந்தத் தரைக்கு நாம் செய்யும் மரியாதை. மழைக்காலத்தில் ஈரக்காலோடு போனால் வழுக்கும், குழந்தைகளை ஓடவிடாதீர்கள்.

மந்திரசாலை, தாய்க்கொட்டாரம், ஒற்றைப் பலாமரத் தூணில் கடைந்த ஏகாந்த மண்டபம், தளத்துக்கு ஆயிரம் பேர் வீதம் இரண்டு தளத்தில் உண்ட ஊட்டுப்புரை என்று வழி ஒரே திசையில் போகும். தவறவிட்டால் திரும்பி வருவது சிரமம். மரப்படிகள் செங்குத்து, நிலைப்படிகள் தாழ்வு. முட்டி வலி உள்ளவர்கள் மாடிகளை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம், நஷ்டமில்லை. உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவரோவியங்களைப் பொதுவாகக் காட்டுவதில்லை. மூச்சின் ஈரமும் கூட்டமும் மூலிகைச் சாயத்துக்கு எதிரி என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் விட நேரம் கொடுக்க வேண்டியது நவராத்திரி மண்டபத்துக்கு. மரமே ஆளும் இந்த வளாகத்தில் அது மட்டும் கல். செதுக்கிய கல்தூண்கள், முகம் தெரியும் கறுப்புத் தரை, எதிரே சரஸ்வதி சன்னதி, பக்கத்தில் அரண்மனைப் பெண்கள் மறைந்திருந்து ஆட்டமும் பாட்டும் பார்த்த துளைச் சாளரம். அந்தச் சாளரத்தின் பக்கம் போய் உட்கார்ந்து மண்டபத்தைப் பாருங்கள். எவ்வளவு பார்த்திருப்பார்கள், எவ்வளவு தெரியாமல் போயிருக்கும் என்பது அங்கிருந்துதான் விளங்கும். பெரும்பாலான கூட்டம் இங்கே ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. மனசுக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஏனென்றால் அந்த மண்டபம் எதற்காகக் கட்டப்பட்டதோ, அது இப்போது அங்கே நடப்பதில்லை. தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனபோது நவராத்திரியும் கூடவே போய்விட்டது. கம்பர் பூசித்தது என்று வழங்கும் இந்தச் சரஸ்வதி, ஆண்டுதோறும் யானை மேல் புறப்படுவாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். முன்னால் அரசரின் உடைவாள். குழித்துறை, நெய்யாற்றின்கரை என்று தங்கித் தங்கிப் போகும் ஊர்வலத்துக்கு எல்லையில் இரண்டு மாநிலக் காவல்துறையும் மரியாதை செய்யும். அந்த நாட்களில் கொட்டாரத்துக்கு வந்தால் சன்னதியில் தேவி இருக்கமாட்டாள், பஞ்சாங்கம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கச்சேரி கேட்க வேண்டுமென்றால் திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்துக்குப் போக வேண்டும். முதலில் முல்லமூடு பாகவதர்கள் என்னும் பாடகர் குழுவின் தோடயமங்களம் என்ற தொடக்கத் துதி. மாலை 6 மணி என்றால் 6 மணி, 8.30-க்கு முடிந்துவிடும். ஒன்பது நாளும் திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் அந்தந்த நாளுக்கென்று இயற்றிய கிருதியே பிரதானம். முதல் நாள் சங்கராபரண ராகம், அடுத்து கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, கடைசி நாள் ஆரபி. தோடியும் பைரவியும் வரும் நான்காம், ஐந்தாம் நாட்களைத் தேர்ந்தெடுத்தால் விஸ்தாரமான ஆலாபனை கேட்கலாம். ஆண்கள் வேட்டி, பெண்கள் சேலை. கைதட்டக் கூடாது. இடம் சிறியது, 5 மணிக்கே போய்விடுங்கள். நூற்றாண்டுகளாகப் பெண்குரலுக்கு மூடியிருந்த அந்த மண்டபத்தில் 2006-ல் முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். பாறசாலை நம் களியக்காவிளையை ஒட்டிய ஊர்.

மதியத்துக்குமேல் நேரமிருந்தால் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் டச்சுப் படைத் தலைவர் டிலனாய் கல்லறையைப் பார்க்கலாம். 1741-ல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானவர். கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. சிதறால் சமணப் பாறைக்கு மூன்றரை மணிக்குமேல் ஏறுங்கள், உச்சி வெயிலில் பாறை சுடும். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் பார்க்க வேண்டுமானால் அதே நாளில் திணிக்காதீர்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். 22 அடிப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத் தலை, உடல், பாதம் என்று பார்ப்பதற்கு ஒரு காலைப்பொழுதே தனியாக வேண்டும்.